கதவுக்கு ஒரு விதி

பெட்ஷீட்டின் நான்கு முனைகளையும் நான்கு பேர் பிடித்து, வீரையனை வேனிலிருந்து இறக்கிக் கூடத்துக் கட்டிலில் கிடத்தினார்கள். பார்க்க வந்தவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றதால் உள்ளே காற்றில்லை. காத்தாயி எல்லாரையும் கெஞ்சாத குறையாக வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டதும் கட்டிலில் கிடந்தவர் அலறினார்.

"கதவு" என்ற ஒரு வார்த்தைதான் விளங்கியது. வரப்பில் விழுந்து கிடந்த நாளிலிருந்து நாக்கு குழறியது, வலது கையும் காலும் இல்லாததுபோல் கிடந்தன. மகள் எழிலரசி ஓடிப்போய் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்தாள். வெயில் கட்டில்வரை வந்து விழுந்தது. வீரையனுக்கு மூச்சிரைப்பு கொஞ்சம் தணிந்தது. கண் மட்டும் வாசலை விட்டு நகரவில்லை.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க, பக்கத்துலயே இருந்து பாத்துக்குங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். எழிலரசி கல்லூரியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பவள், அவளுக்குத் தெரியாதா? வேனில் வரும்போதே சாவுக்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டுவிட்டாள். இந்தப் பயத்துக்குத்தான் அவள் தயாராக இல்லை. படமெடுத்து நிற்கும் நல்ல பாம்பிடம் "ஓரமாப் போ தாயி" என்று சொல்லிவிட்டு மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற மனிதர் அவர். அவர் கண்ணில் இப்படி ஒரு பயத்தை அவள் பார்த்ததே இல்லை. சாவு எல்லாருக்கும் உள்ளதுதான். ஆனால் அப்பா இந்தப் பயத்தோடு போகக் கூடாது.

"வாசக் கதவு தொறந்துதானே கெடக்கு? இன்னும் எந்தக் கதவச் சொல்றாருன்னு தெரியலயே" என்றாள் காத்தாயி.

எந்தக் கதவு என்று எழிலரசிக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் இந்தக் கூடத்தில் ஓர் ஆட்டம் நடக்கும். வெளிநாட்டில் அச்சடித்த புத்தகம், மந்திரவாதிகளும் பூதங்களும் உலவும் ஒரு தேசம், ஆளுக்கு ஒரு வேஷம். எழிலரசி கதையை நடத்துவாள். மற்றவர்கள் தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று வாயால் சொல்வார்கள். சொன்னது நடந்ததா இல்லையா என்பதைப் புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிதான, இருபது முகமுள்ள பகடை முடிவு செய்யும். கூட வேலை பார்க்கும் ஜெக்கரியா வில்லாளி. நர்சாக இருக்கும் தோழி விண்ணரசி மந்திரக்காரி. காப்பித் தம்ளரோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வீரையன் ஒருநாள், "எனக்கும் ஒரு ஆளு குடு" என்று சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். கத்தி வேண்டாம், மந்திரம் வேண்டாம், மம்பட்டி போதும் என்றார். அப்படி வந்தவன்தான் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் கருத்தான் என்ற மடைக்காரன். மற்ற இருவரும் பூதப்படையோடு மல்லுக்கட்டித் திணறியபோது, கருத்தான் ஆற்றுக் கரையை வெட்டிவிட்டு மொத்தப் படையையும் வெள்ளத்தோடு அனுப்பிவைத்தான். ஜெக்கரியா அன்று எழுந்து நின்று அவரைக் கும்பிட்டான். காத்தாயி மட்டும், "வயசான காலத்துல பேயி பிசாசோட என்ன சகவாசம்" என்று தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். அந்த ஆட்டத்தை அவள் ஒருநாளும் மதித்ததில்லை.

ஆட்டத்துக்குப் புதுப் பதிப்பு வரப்போகிறது, என்னென்ன வேண்டும் சொல்லுங்கள் என்று கம்பெனி ஆடுகிறவர்களிடமே கேட்டிருந்தது. ஜெக்கரியாவுக்கு அம்பு தீராத தூணி வேண்டும். விண்ணரசிக்கு, செத்தவரை எழுப்பும் மந்திரம் இன்னும் கொஞ்சம் சுலபமாக வேண்டும். வீரையன் இருவரையும் பார்த்துச் சிரித்தார்.

"இவ்வளவு படை நடந்து போவுதே, சோறு எங்கேருந்து வருது? நடவு இல்ல, அறுப்பு இல்ல, அது என்ன தேசம்? அத எழுதச் சொல்லு. கூலி எவ்வளவுன்னும் சேத்து எழுதச் சொல்லு, இல்லன்னா அதுக்கு ஒரு சண்ட வரும்."

அதெல்லாம் சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியாக ஆடிய ஞாயிறு, எழிலரசி புத்தகத்தில் இருந்ததை இருந்தபடியே வாசித்தாள். கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து ஊர்ச்சனம் ஒரு குடிசைக்குள் ஒதுங்குகிறது, கருத்தானும் உள்ளே மாட்டிக்கொள்கிறான். வெளியே தாழ் போடும் சத்தம். கூரையில் புகை. "கருத்தான் என்னப்பா செய்றான்?" என்று கேட்டாள். வீரையன் பகடையைக் கையில் எடுத்தார். பிறகு கீழே வைத்தார். "மீதிய அப்பறம் பாத்துக்கலாம்" என்று எழுந்து வயலுக்குப் போய்விட்டார். அந்த வாரம் முழுக்க வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. வாரம் முடிவதற்குள் வரப்பில் விழுந்து கிடந்தார்.

எழிலரசி அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்த காத்தாயி அடுப்பை அணைத்தாள்.

"அதப் போயி அவருகிட்ட ஏண்டி வாசிச்ச?"

"பொஸ்தகத்துல இருந்துச்சும்மா. எனக்கு என்ன தெரியும்?"

காத்தாயி வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "ஒங்கப்பாவுக்கு அப்ப பத்து வயசிருக்கும். கூலி நெல்லு அரைப்படி கூடக் கேட்டாங்க. பண்ணையோட அடியாளுங்க கெளம்பி வந்துட்டானுங்க. பொம்பளையும் புள்ளையுமா ஒரு வூட்டுக்குள்ள ஓடிப் பூந்துருக்காங்க. வெளிய தாழப் போட்டுக் கொளுத்திட்டானுங்க. ஒங்கப்பா வாய்க்கா ஓரம் நாணல் பொதர்ல கெடந்தாரு. அவனுங்க போனதும் ஓடிப்போயித் தாழ இழுத்துருக்கலாம், காலு வரல காத்தாயின்னு, கல்யாணமான புதுசுல ஒருக்கா சொன்னாரு. அப்பறம் அந்தப் பேச்ச எடுத்ததே இல்ல. நானும் கேட்டதில்ல."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"படிக்கிற புள்ளைக்கு அது எதுக்கு?"

அதற்குப் பிறகு ஆட்சி மாறியது. கூலிக்குச் சட்டம் வந்தது. பண்ணை நிலம் கோர்ட்டிலும் களத்துமேட்டிலும் இழுபட்டு, அடிதடியெல்லாம் முடிந்து, வீரையன் கைக்கும் கொஞ்சம் வந்தது. அதில் விளைந்த நெல்லில்தான் எழிலரசி படித்தாள். இத்தனையையும் அவள் பாடம்போல அறிவாள். அந்த வீட்டைப் பற்றி மட்டும் யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

மத்தியானம் ஜெக்கரியாவும் விண்ணரசியும் வந்தார்கள். விண்ணரசி நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு எழிலரசியைப் பார்த்தாள். ரொம்ப நேரமில்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. வீரையன் அவர்களை அடையாளம் கண்டுகொண்டார். இடது கையைத் தூக்கி மூன்று பேரையும் உட்காரச் சொன்னார்.

"மீதி" என்றார். "மீதி ஆடணும்."

வெளியே போட்ட தாழை உடைக்க இருபது விழ வேண்டும், புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. விழாவிட்டால்? விதியை மீறி ஒரு அடிகூட எடுத்துவைக்காத ஆட்டக்காரர் அப்பா. அவள் பகடையை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

கட்டிலில் வைத்த தாம்பாளத்தில் உருட்டினார். நான்கு விழுந்தது. திரும்ப எடுத்துக்கொடுத்தாள். ஒன்பது.

"பொகை" என்றார். நெஞ்சு வேகவேகமாக ஏறி இறங்கியது. "கண்ணு தெரியல, எழிலு."

மூன்றாவது தடவை பகடை தாம்பாள விளிம்பில் போய் நின்றது. ஜெக்கரியா குனிந்து, விரலால் மெதுவாக அதைப் புரட்டி, "இருபதுப்பா" என்றான்.

"கள்ளாட்டம் வேணாம், தம்பி."

ஜெக்கரியா தலையைக் குனிந்துகொண்டான். காத்தாயி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீரையன் மகளின் கையைத் தேடிப் பிடித்தார். பிடி இவ்வளவு பலமாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"புதுப் பொஸ்தகத்துக்கு ஒண்ணு எழுதணும்."

"சொல்லுங்கப்பா."

"தாழ்ப்பா உள்ளதான் இருக்கணும். வெளிய இருக்கக் கூடாது. எந்த வூட்டுக்கும்."

இதைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. எழிலரசி செல்போனை எடுத்தாள்.

"புதுசு வந்துருச்சுப்பா. இன்னைக்குக் காலையிலதான் வந்துச்சு. வாசிக்கிறேன், கேளுங்க." வேன் டிரைவரின் நம்பர் இருந்த திரையைப் பார்த்துக்கொண்டே அவள் வாசித்தாள். "வீடுகளின் கதவுக்கு உள்பக்கம் மட்டுமே தாழ்ப்பாள் உண்டு. வெளியிலிருந்து யாரும் பூட்ட முடியாது. உள்ளே இருப்பவர் நினைத்தால் திறக்கலாம். அதற்குப் பகடை உருட்ட வேண்டியதில்லை."

வீரையன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நெசமா?"

"நெசம்ப்பா."

"வெள்ளக்காரன்தானே எழுதுனான்?"

"ஆமாம்ப்பா."

"அப்ப அவன் ஊர்லயும் நடந்துருக்கும்."

இடது கை மெல்ல மேலே போனது. விரல்கள் எதையோ பற்றி ஒரு பக்கமாக இழுத்தன. அவர் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்ததை எழிலரசி கண்ணால் பார்த்தாள். அப்பாடா என்று மூச்சுவிடப் போன நேரத்தில் அவர் பேச ஆரம்பித்தார். குழறல் எங்கே போனதோ தெரியவில்லை.

"ராமாயக்கா, புள்ளைய மொதல்ல குடு. கண்ணுசாமி, குனிஞ்சு வாடா, மேல நெருப்பு. நீலாம்பா, தள்ளாத, எல்லாரும் போவலாம்."

இந்தக் கூடத்தில் ஒருநாளும் யாரும் சொல்லாத பெயர்கள். எழிலரசி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். காத்தாயி முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் பெயர்கள் எல்லாம் தெரிந்திருந்தன.

"போதும்ப்பா. நீங்களும் வெளிய வாங்க."

"இரு. இன்னும் ஆளு இருக்கு."

"அப்பா, கூரை விழுந்துரும். வாங்கப்பா."

அவர் காதில் வாங்கவில்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அனுப்பிக்கொண்டே இருந்தார். குரல் தேய்ந்தது. பிறகு உதடு மட்டும் அசைந்தது. பிறகு அதுவும் நின்று, கை மட்டும் வா, வா என்றது. எழிலரசி அந்தக் கையைப் பிடித்து இழுத்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். கை கட்டிலில் விழுந்தது. விண்ணரசி மணிக்கட்டை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, அதை அவர் நெஞ்சின் மேல் எடுத்துவைத்தாள்.

யாரும் அழவில்லை. வெளியே யாரோ டிராக்டரை நிறுத்தினார்கள்.

"எழிலு" என்றாள் காத்தாயி. "அவரு வெளிய வந்தாரா?"

ஜெக்கரியாவும் விண்ணரசியும் எழிலரசியைப் பார்த்தார்கள். கதையை நடத்துகிறவள் சொன்னால்தான் ஆட்டத்தில் எதுவும் நடந்ததாகும். அவள் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

"வந்துட்டாரும்மா. எல்லாருக்கும் கடைசியா வந்தாரு."

"இப்ப எங்க?"

"வாய்க்கால்ல எறங்கி மூஞ்சி கழுவுறாரு. தலையெல்லாம் சாம்பலு. முங்கி எந்திரிக்கிறாரு."

காத்தாயி அடுப்படி நிலையை விட்டு நகர்ந்தாள்.

"தலையத் தொவட்டாம அப்படியே நிப்பாரு" என்றாள்.

கொடியில் கிடந்த துண்டை எடுத்து ஒரு உதறு உதறினாள். யாரையும் பார்க்காமல் வாசலைத் தாண்டி வெயிலில் இறங்கினாள். துண்டைக் கையில் நீட்டிப் பிடித்தபடி வாய்க்கால் பக்கம் பார்த்து நின்றாள்.