மூடக்கூடாத கதவு

வலக்கதவும் இடக்கதவும் ஒரே ஒடூம் மரத்தில் அறுத்தவை. ஆனால் வலது தேன்பழுப்பு, இடது வெளிர்மஞ்சள். குமாசித் தச்சர் பேட்டையில், அவற்றைச் செய்த செர்வா இரண்டையும் சேர்த்து நிறுத்தியதும், அவள் தாய்மாமன் துமாசி இடக்கதவைக் கைத்தடியால் தட்டினார்.

“இது வாவா மரம். செத்துப்போன நம்ம பெரியவரு வீட்டு வாசலுக்கு இந்த மட்ட மரமா?”

“ஒடூம்தான் மாமா. புதுசா இழைச்சா மஞ்சளாத்தான் இருக்கும், வெயில் பட்டாத்தான் கறுக்கும்.”

வலக்கதவை முதலில் முடித்திருந்தாள். அடுத்ததற்கான பலகையை இழைப்பு எந்திரத்தில் விட்டபோது, மரத்தின் வயிற்றில் இருந்த கல் கத்தியைப் பெயர்த்துவிட்டது. மண்ணின் சுண்ணாம்பை உறிஞ்சித் தனக்குள்ளே கல்லாக்கிக்கொள்ளும் மரம் அது, வெளியே தெரியாது. மாற்றுக் கத்தி வருவதற்குள், பட்டறைச் சுவரில் சாய்ந்து நின்ற வலக்கதவின் முகம் வெயிலில் பழுத்துவிட்டது.

அதன் மூலையைச் சீவிக் காட்டினாள். உள்ளே அதே மஞ்சள். தூள் மூக்கில் ஏறி, விடாமல் தும்மினாள்.

“நான் நம்புறேன்டி. சனிக்கிழமை சாவுச் சடங்குக்கு வர்ற சனமெல்லாம் கையில இழைப்புளியோடவா வரும்? தங்கச்சி மக ஏமாத்திட்டான்னு என்னைத்தானே சிரிப்பாங்க! அப்படி ஒருத்தன் சிரிச்சாலும், இனி குடும்பத்து வேலை எதுவும் உனக்கில்ல.”

கறையான் அண்டாது, மழையில் முறுக்காது. அப்படிப்பட்ட மரத்தில் செய்தும் ஏமாற்றுக்காரி என்ற பெயர். எரிச்சலோடு வலக்கதவைத் திருப்பியவள் நின்றாள். சுவரைப் பார்த்திருந்த முதுகில் வெயிலே படவில்லை. அதுவும் மஞ்சள்.

சனிக்கிழமை, வீட்டு வாசலில் மாட்டிய இரு கதவுகளையும் வெளிப்புறமாக விரித்துச் சுவரோடு சாய்த்தாள். உட்புறங்கள் மட்டும் தெரிந்தன, நிறம் ஒன்றே. துக்க நிறங்களான கறுப்பும் சிவப்பும் உடுத்திய கூட்டம் நடுவே நுழைந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

“இதை முன்னாடியே செய்யறதுக்கென்ன?” என்றார் மாமா, மலர்ந்து.

“இன்னிக்குச் சரி மாமா. நாளையிலேர்ந்து பகல்ல மூடியே வைங்க. வெளிப்பக்கம் வெயில் பட்டாத்தான் மஞ்சக் கதவு கறுத்து மத்ததோட சேரும்.”

“மூடினா ரெண்டு நிறம் தெரியுமே!”

“கொஞ்ச நாளைக்குத் தெரியும். திறந்தே கிடந்தா என்னைக்கு மூடினாலும் தெரியும்.”

துமாசி ஆழ்ந்து யோசித்தார்.

“நீ சொல்றது சரி. முதல்ல நிறம் சேரட்டும், அப்புறமா மூடிக்கலாம்.”

செர்வா வாயைத் திறந்தாள், தும்மல்தான் வந்தது.