கோட்டைக்குப் போன ஓசி பஸ்

கோட்டை பஸ்ஸை நிறுத்தப்போகிறார்கள் என்று ரதிதேவிக்கு யாரும் சொல்லவில்லை. ஒடாஹுஹு பஸ் நிலையத்தில், பஸ் நிற்கும் கம்பத்தில், முழங்கால் உயரத்தில் ஒரு கையகலக் காகிதத்தை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஞாயிறு பின்னேரம் காட்டிலிருந்து திரும்பி இறங்கியவள், சப்பாத்துக் கயிற்றைக் கட்டக் குனிந்தபோதுதான் அதைக் கண்டாள். பரீட்சார்த்தமாக ஓடிய ஞாயிறு பஸ், பயணிகள் போதாமையால், இன்னும் இரண்டு ஞாயிறுகளுடன் நிறுத்தப்படும். அவ்வளவுதான். வருந்துகிறோம் என்ற ஒரு சொல்கூட இல்லை.

பயணிகள் போதாதாம்! ரதிதேவிக்கு உச்சந்தலைவரை சூடேறியது.

அந்த பஸ் ஆறு மாதத்துக்குமுன் தொடங்கியபோதே, போதிய ஆட்கள் ஏறாவிட்டால் நிறுத்திவிடுவோம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். அதற்காகவே அவள் வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கி, கோயிலில் கண்டவர், வேலையில் கண்டவர், ரயிலில் பக்கத்தில் இருந்தவர் என்று ஆள் பிடித்தாள். பத்துப் பேரைச் சேர்த்தாள். தன்னோடு பதினொன்று. மழையென்றும் பாராமல் ஒவ்வொரு ஞாயிறும் காலை ஒன்பது பத்துக்குப் பதினொரு பேரும் ஏறினார்கள். போதிய ஆட்கள் என்று எழுதியவன் வேறு யாரைக் கேட்கிறான்?

அவளுக்கு அந்த பஸ்ஸை விட்டால் வேறு வழி இல்லை. நாற்பத்தெட்டு வயதில், த்ரீ கிங்ஸ் பகுதியில் ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்கு நின்றபோது, முதல் வலிப்பு வந்தது. கார் ஓட்டும் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பன்னிரண்டு மாதம் வலிப்பு வராவிட்டால் திருப்பித் தரலாம் என்றார் டாக்டர். பதினோராவது மாதம், அடுப்படியில், இன்னொன்று வந்தது. எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது. மகள் பிரிஸ்பேனில். வீட்டில் அவளும் மாத்திரைப் பெட்டியும். ஞாயிற்றுக்கிழமைக் காடுதான் அவளுடைய வாரத்தில் மூச்சுவிடும் இடம்.

அந்தக் காட்டின் நடுவில்தான் ஆல்டன் கோட்டை. நூற்றுநாற்பது வருடத்துக்குமுன் ஒரு மரவியாபாரி மலையிலிருந்த, கவுரி என்கிற வானுயர்ந்த நாட்டு மரங்களை எல்லாம் வெட்டி விற்று, அந்தக் காசில் கல்லும் கோபுரமுமாகக் கோட்டை கட்டி, ஜன்னலால் மொட்டை மலையைப் பார்த்துக்கொண்டே செத்துப்போனான். அவன் போனபிறகு காடு தன்பாட்டில் வளர்ந்து கோட்டையைச் சுற்றி வளைத்துக்கொண்டது. ரதிதேவிக்குக் கோட்டையில் பெரிய மதிப்பில்லை. காட்டுக்காக, அதுவும் அவனை ஜெயித்த காடு என்பதற்காக, அவள் போனாள்.

திங்கட்கிழமை இடைவேளையில் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போன் எடுத்தாள். இருபத்தைந்து நிமிடம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பையன் வந்தான். குரலில் தேன் வடிந்தது.

ஞாயிறு காலை சராசரி எத்தனை பேர் என்று அவள் கேட்டாள். ஒன்று தசம் எட்டு என்றான்.

ரதிதேவி வெடித்தாள். தன் குழுவில் மட்டும் பதினொரு பேர், ஒரு கொரியக் கிழவனும் கிழவியும் வேறு, உங்களுக்கு எண்ணத் தெரியாதா, பஸ்ஸுக்குள் நான்கு கமரா மாட்டி வைத்து எதைப் படம் பிடிக்கிறீர்கள் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் கொட்டினாள். பையன் கோபிக்கவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கமராவை வைத்து ஆள் எண்ணுவதில்லை, மேடம், என்றான். ஏறும்போது கார்டை மெஷினில் தட்டுகிறார்கள் அல்லவா, அந்தத் தட்டுத்தான் கணக்கு. தட்டாதவர் ஏறாதவர்.

 ரதிதேவியின் கண்ணுக்கு முன்னால் ஒரு உள்ளங்கை வந்தது. அகலமான, தடித்த விரலுள்ள உள்ளங்கை. ராம் பிரசாத்தின் உள்ளங்கை.

ராம் பிரசாத் அந்த பஸ்ஸின் டிரைவர். ஃபிஜிக்காரர், அறுபதுக்குக் கிட்ட. கரும்பு வெட்ட மெட்ராஸிலிருந்து கப்பலேறிப் போனவர்களின் பேரப்பிள்ளை. அவருக்குத் தெரிந்த தமிழ் மொத்தம் நாலே சொல்: வாங்கோ, உக்காரு, சோறு, சாமி. முதல் ஞாயிறு பதினொரு பேரும் தமிழில் சளசளத்துக்கொண்டு ஏறியதைக் கேட்டதும் மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. கார்டை நீட்டிய ரதிதேவிக்குமுன் உள்ளங்கையை விரித்து மெஷினை மூடினார். “வாங்கோ சாமி, வாங்கோ,” என்றவர், என் வீட்டுக்கு வந்தவர்களிடம் நான் டிக்கெட் கேட்பேனா என்று ஆங்கிலத்தில் முடித்தார்.

அன்றிலிருந்து ஓசிதான். ஓசி என்றால் எங்கள் ஆட்களுக்குக் கேட்கவா வேண்டும்? பஸ் காசு அங்கே ஒருவருக்கும் பெரிதில்லை. ஆனால் தங்களுக்கென்று ஒருவர் மெஷினை மூடுகிறார் என்பதில் ஒரு பெருமை. ரதிதேவிக்கும் அந்தப் பெருமை இருந்தது. அதற்குக் கைமாறாகக் கிழமைக்கு நான்கு மட்டன் ரோல்ஸ் சுற்றிக்கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆறு மாதமாக பஸ்ஸைக் காப்பாற்ற ஆள் சேர்த்தவளே, ஆறு மாதமாக ஏறாதவளாகவே பயணம் செய்திருக்கிறாள். மெஷினைத் தட்டியவர்கள் கொரியர் இருவர் மட்டும். அந்த இரண்டும் ஒன்று தசம் எட்டாய்ப்போனது, அவர்களுக்குத் தடிமன் பிடித்த ஞாயிறுகளால்.

அடுத்த ஞாயிறு அவள் ரோல்ஸ் சுற்றவில்லை. பஸ் கதவு திறந்ததும் உள்ளங்கை வழமைபோல் மெஷின்மேல் வந்து உட்கார்ந்தது. ரதிதேவி கையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். குரல் உயர்ந்துகொண்டே போனது. 

“ஏன் மெஷினை மறைச்சனீங்கள்? கேட்டனானோ நான்?” என்று கடைசியில் தமிழிலேயே கத்திவிட்டாள்.

ராம் பிரசாத்துக்குத் தமிழ் விளங்கியிருக்காது. ஆனால் முகம் செத்துப்போனது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கதவால் ஏறுகிறவர்களைக் கமரா எண்ணுகிறது என்றுதான் நானும் நினைத்தேன், சிஸ்டர், என்றார். எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை.

அன்று பதினொரு பேரும் தட்டினார்கள். பீப், பீப் என்று பதினொரு தடவை. சாகப்போகிற ஆளுக்கு ஊற்றும் பால் என்று நினைத்துக்கொண்டாள்.

கோட்டை வாசலில் பஸ் இருபது நிமிடம் நிற்கும். ராம் பிரசாத் அதற்குள் ஒரு தாளில் எழுதிக்கொண்டுவந்து நீட்டினார். ஆறு மாதமாக ஞாயிறு காலை ஓட்டத்தில் பதினொரு பேரைக் கார்ட் தட்டவிடாமல் ஏற்றினேன், பிழை என்னுடையது. கீழே முழுப்பெயர், டிரைவர் இலக்கம், கையெழுத்து.

“வேலை போயிடுமே?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

போகலாம், என்றார். வீட்டு மோர்ட்கேஜ் இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது. ஆனால் உங்கள் பஸ் போனது என்னால்தானே. இதை அனுப்புங்கள்.

இந்த மனுஷனுடைய நல்ல குணத்தை எதால் அடிப்பது என்று ரதிதேவிக்குத் தெரியவில்லை. கேட்காமல் ஓசி கொடுத்தார். இப்போது கேட்காமல் தன் சோற்றையும் எடுத்து அவள் கையில் வைக்கிறார். தாளை மடித்துக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, விறுவிறென்று காட்டு வாசலுக்கு நடந்தாள்.

காட்டு வாசலில் சப்பாத்துக் கழுவும் இடம் உண்டு. சப்பாத்தில் ஒட்டிவரும் மண்ணால் கவுரி மரங்களுக்கு வேரில் நோய் பிடிக்கிறது என்பதால், தேய்த்து மருந்தில் தோய்த்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஆட்கள் ஒருவர்பின் ஒருவராகத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவள் தன் யோசனையைச் சொன்னாள். டிரைவரை இழுக்கவேண்டாம். நாங்கள் பதினொரு பேரும், இத்தனை ஞாயிறு கார்ட் தட்டாமல் ஏறினோம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புவோம். பதினொன்றும் கணக்கில் சேர்ந்தால் பஸ் தப்பும்.

  முதலில் மதன்குமார் நிமிர்ந்தான். கோயம்புத்தூர்ப் பையன், சாஃப்ட்வேர் வேலை, குழுவிலேயே அதிகம் சிரிப்பவன்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. என் பிஆர் விசா ஃபைல் இப்பதான் ஆபீசர் கைக்குப் போயிருக்கு. டிக்கெட் எடுக்காம போனேன்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, வேற வினையே வேணாம்.”

“எனக்கும் நர்ஸிங் ரெஜிஸ்ட்ரேஷன் ரினியூவல் வருதுக்கா,” என்றாள் அஸ்வினி, சப்பாத்தைப் பார்த்தபடியே. “நன்னடத்தைன்னு ஒரு கேள்வி இருக்கு. பொய் சொல்ல முடியாது.”

அவர்கள் பயம் பொய்யில்லை. அது ரதிதேவிக்கும் தெரியும். விசா என்ற சொல்லுக்கு அவளும் ஒருகாலத்தில் நடுங்கியவள்தான். தெரிந்ததால் தூரிகையை எடுத்துத் தன் சப்பாத்தைத் தேய்க்கத் தொடங்கினாள். மதன்குமார் அத்தோடு விட்டிருக்கலாம்.

“பஸ் போனா போகட்டும்க்கா. நம்மகிட்ட நாலு கார் இருக்கு. உங்கள வீட்டு வாசல்லயே பிக்கப் பண்ணி, திரும்ப வாசல்லயே விட்டுடறோம். இன்னும் வசதிதானே?”

“நான் என்ன பார்சலோ?” என்றாள் ரதிதேவி.

“அக்கா…”

“கேட்கிறன், நான் என்ன பார்சலோ, எடுத்து இறக்க? உங்களுக்கு இந்த பஸ் ஒரு பகிடி. படம் எடுத்து ஸ்டேட்டஸ் போட ஒரு சாமான். எனக்கு அது கால்! உங்கட பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டால் எனக்குக் காடு பூட்டு. உங்களுக்கு நித்திரை முறியாட்டிக்கும் பூட்டு. ஒன்பது மணிக்கு வெளிக்கிட்டு வாசல்ல நிண்டு, வருவினமோ மாட்டினமோ எண்டு றோட்டைப் பாத்துக்கொண்டு நிக்கச் சொல்லுறியளோ? பஸ் வந்தால் நான் ஆருக்கும் தாங்க்ஸ் சொல்லத் தேவையில்லை. விளங்குதோ? ஆருக்கும் சொல்லத் தேவையில்லை!”

 மருந்துத் தொட்டியில் சப்பாத்தைத் தோய்த்துவிட்டு அவள் தனியே மேலே ஏறினாள். ஏற ஏறக் கோபமும் கூடவே ஏறியது. அலுவலகப் பையன்மேல், மதன்குமார்மேல், ராம் பிரசாத்மேல், மரமெல்லாம் வெட்டிய அந்தக் கோட்டைக்காரன்மேல். கோபுரம் தெரிகிற மேட்டில் மூச்சு வாங்க நின்றபோது, கோபம் கடைசியாக யாரிடம் போகவேண்டுமோ அவளிடமே வந்துசேர்ந்தது. கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளங்கையைப் பார்த்துப் பல்லிளித்துக்கொண்டு உள்ளே போனவள் அவள்தானே. ஆறு மாதத்தில் ஒரு நாள் அந்தக் கையைத் தள்ளிவிட்டிருந்தால் என்ன?

இரண்டு நாற்பதுக்கு பஸ் திரும்பியபோது, அவள் மடித்த தாளை ராம் பிரசாத்தின் முன்னால் வைத்தாள்.

“இதை நான் அனுப்பமாட்டன். உங்கட வேலை போனால் உங்களுக்கு ஆர் ஓசி குடுப்பினம்?” என்று தமிழிலேயே சொன்னாள். அவருக்கு விளங்கட்டும், விளங்காமல் போகட்டும். அவர் தாளை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அன்றிரவே அவள் தன் கடிதத்தை எழுதினாள். ஒவ்வொரு ஞாயிறும் கார்ட் தட்டாமல் ஏறியது நான், இது என் பெயர், இது என் விலாசம், தண்டம் கட்டச் சொன்னால் கட்டுகிறேன், ஆனால் என்னை எண்ணுங்கள். டிரைவர் பெயரோ மற்றவர்கள் பெயரோ இல்லை. எட்டாம் நாள் பதில் வந்தது. உங்கள் நேர்மைக்கு நன்றி. தண்டம் எதுவும் இல்லை. உங்களைச் சேர்த்தால் சராசரி ஒன்று தசம் எட்டிலிருந்து இரண்டு தசம் எட்டு ஆகிறது. தேவையானது பத்து. முடிவில் மாற்றமில்லை.

கோட்டை பஸ் நின்றது.

நின்றதற்கு அடுத்த ஞாயிறு ரதிதேவி இன்னொரு பஸ் பிடித்து, அது போகும் கடைசி நிறுத்தம்வரை போனாள். அங்கிருந்து கோட்டைக்கு ஆறு கிலோமீட்டர். நடைபாதை இல்லை. வேலியோரப் புல்லில் கால் வைத்து, வருகிற காருக்கெல்லாம் ஒதுங்கி ஒதுங்கி நடந்தாள். பாதி வழியில் ஒரு கார் பக்கத்தில் ஊர்ந்தது. கண்ணாடி இறங்கியது. மதன்குமார். பின்சீட்டில் அஸ்வினி.

“அக்கா, ஏறுங்கக்கா. ப்ளீஸ். எவ்வளவு தூரம்…”

“போங்கோ. நடக்கத்தானே வந்தனாங்கள்?”

பின்னால் வந்த கார் ஹார்ன் அடித்தது. மதன்குமார் போனான்.

காட்டுக்குள் அவளுக்கு ஒரு மணி நேரம்தான் மிஞ்சியது. அந்த ஒரு மணி நேரத்தை ஒருவரிடமும் கதைக்காமல் நடந்து முடித்தாள். திரும்பவும் ஆறு கிலோமீட்டர். நிறுத்தத்துக்கு வந்துசேர்ந்தபோது குதிக்கால் தோல் உரிந்திருந்தது. நாலரைக்கு பஸ் வந்தது. கதவு திறந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ராம் பிரசாத். கோட்டை ஓட்டம் போனபிறகு அவரை இங்கே போட்டிருக்கிறார்கள்.

நொண்டி நொண்டி ஏறுகிறவளைக் கண்டதும் அவருடைய முகம் இளகிவிட்டது. “வாங்கோ, வாங்கோ,” என்றார். கை, பழக்கதோஷம், தானாக எழும்பி மெஷினை மூடியது.

ரதிதேவி அந்தக் கைமேல் பட்டென்று ஒரு அடி வைத்தாள். சின்னப் பிள்ளைக்கு வைப்பதுபோல் இல்லை, நன்றாகவே வலிக்க. அவர் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். அவள் கார்டை எடுத்து மெஷினில் தட்டினாள். பீப் என்றது.

“எண்ணட்டும்,” என்றுவிட்டு, அவருக்குப் பின்னால் முதல் சீட்டில் போய் உட்கார்ந்தாள்.