செத்த பிறகு எட்டுப் பாட்டு

வாலாஜாபாத்திலிருந்து ஒரகடத்துக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் அருள்நாதனுடைய சீட்டு ஆறாவது வரிசை, ஜன்னலோரம். பதினோரு வருஷமாக அதே சீட்டுதான். உட்கார்ந்ததும் இயர்போனை மாட்டிக்கொள்வார். மாட்டிய கொஞ்ச நேரத்தில் யாரோ ஒரு பெண் இத்தாலிய மொழியில் உயிர் போகிற மாதிரி பாடுவாள். சத்தம் வெளியே கசியும்.

"அருளு சார், இன்னிக்கு யாரக் கொல்றாங்கோ?" என்று டிரைவர் கன்னியப்பன் கண்ணாடியில் பார்த்துக் கேட்பார். பஸ்ஸே சிரிக்கும். ரசனை கெட்ட ஜனம் என்று அருள்நாதன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அவர் கேட்பது ஓபரா. ஆரம்பம் முதல் முடிவு வரை பாட்டிலேயே நடக்கிற நாடகம். கம்பெனியில் புது லைன் போட வந்த இத்தாலிக்கார என்ஜினியர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது, கட்டைவிரல் அளவு பிளேயர் ஒன்றை அருள்நாதன் கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனார். திரை கிடையாது, பாட்டின் பெயரோ எண்ணோ தெரியாது. உள்ளே ஒரே ஒரு ஓபரா, பன்னிரண்டு பாட்டு. அவருக்கு ஏன் கொடுத்தார் என்றால், அருள்நாதனின் காது அப்படி. தயாராகி வரும் ஒவ்வொரு கியர்பாக்ஸையும் சத்தம் புகாத கண்ணாடி அறையில் ஓடவிட்டு, காதால் கேட்டே 'ஓகே', 'ரிஜக்ட்' என்று சொல்வதுதான் அவர் வேலை. மெஷின் தவறவிட்டதைக்கூட அவர் காது பிடித்திருக்கிறது. இதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மொழி தெரியாது. அதனாலென்ன, குரலை வைத்துக் கதையை அவரே கட்டிக்கொண்டார். முதலில் வெறும் வாத்தியம். இரண்டாவதில் கனத்த குரலில் அப்பா புலம்புவார். மூன்றாவதில் காதலன் வந்து கத்துவான். நாலாவதில் பெண்ணின் குரல் நூலாக இழைந்து இழைந்து நின்றுபோகும். அப்பா அவள் பேரைச் சொல்லிக் கதறுவார். பாஷை தெரியாவிட்டால் அழுகை தெரியாதா? பெண் செத்துவிட்டாள். அதற்கப்புறம்தான் விஷயமே. ஐந்தாவதில் அதே பெண் புதுக் குரலோடு, காலைக் குருவி மாதிரி பாடிக்கொண்டு வருவாள். செத்த பிறகு எட்டுப் பாட்டு பாடுவாள். கடைசிப் பாட்டில் பெரிய விருந்து, ஊரே சேர்ந்து பாடும், நடுவில் அவள் குரல். மோட்சத்தில் விருந்து என்றே அருள்நாதன் முடிவுகட்டியிருந்தார்.

இந்த ஐந்தாவது பாட்டை ஒவ்வொரு நவம்பர் இரண்டாம் தேதியும், கல்லறைத் திருநாளன்று, மனைவி செல்வமேரியின் கல்லறையில் சின்ன ஸ்பீக்கர் வைத்து ஒலிக்கவிடுவார். அவள் போய் நாலு வருஷமாகிறது.

ஜூலையில் அந்த பஸ்ஸில் ஜோவிதா ஏறினாள். தூத்துக்குடிப் பெண், புது என்ஜினியர். இத்தாலியில் எட்டு மாதம் பயிற்சி முடித்து வந்தவள். அவருக்கு முன் சீட்டில் உட்கார்ந்தவள், கசிந்த சத்தத்தைக் கேட்டுச் சட்டென்று திரும்பினாள்.

"அங்கிள், ஓபராவா கேக்கிய?"

பதினோரு வருஷத்தில் அந்தச் சொல்லை அந்த பஸ்ஸில் வேறு யாரும் உச்சரித்ததில்லை. அருள்நாதனுக்குக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இயர்போனின் ஒரு முனையைக் கழற்றி சீட்டு முதுகின் மேலாக நீட்டினார்.

அன்றிலிருந்து தினமும் சண்டை. ஜோவிதாவுக்குக் காதலன் பாடுவதுதான் உயிர். இத்தாலியில் இதே ஓபராவுக்கு, நின்றுகொண்டு பார்க்கிற மலிவு டிக்கெட் எடுத்து, கால் கடுக்க நின்று, அவன் ஒரே மூச்சில் மேலே போய் நிற்கிற இடத்துக்காகவே காத்திருப்பாளாம். அருள்நாதனுக்கு அவனைக் கண்டாலே ஆகாது. "சாவப்போற பொண்ணு பக்கத்துல நின்னுகினு இன்னா அவ்ளோ சத்தம்? அவ மூச்சு முட்டிகினு கீது, இவன் நுரையீரல காட்டிகினு கீறான்" என்பார். அவருக்கு அப்பாவின் குரல்தான் குரல். "அந்த ஆளு எப்பப் பாத்தாலும் ரேஷன் கடையில சண்ட போடுற மாதிரிலா பாடுதாரு" என்பாள் அவள். இருவரும் ஒத்துப்போனது ஒன்றில் மட்டும்தான்: பாட்டு நடுவில் கைதட்டுகிறவனை வெளியே தள்ள வேண்டும்.

இவர்கள் இருவரும் பாட்டை அங்கங்கே துண்டாகக் கேட்டார்களே தவிர, வரிசையாகக் கேட்டதில்லை. அக்டோபர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, மழையில் ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ் முக்கால் மணி நேரம் நின்றுபோனது. முதல் பாட்டிலிருந்து ஓடியது. நாலாவது முடிந்து ஐந்தாவது தொடங்கியதும் ஜோவிதா முகத்தைச் சுளித்தாள்.

"என்ன அங்கிள், மொதப் பாட்டு இப்பம் வருது?"

"மொதப் பாட்டா? செத்தப்பறம் பாடுறதும்மா இது."

"செத்தப்பறம் யாரு பாடுவா? இது அவ மொதத் தடவ மேடைக்கு வார பாட்டு. செத்ததும் திரை விழுந்திரும். அதோட முடிஞ்சு."

அவர் விடவில்லை. அவளும் விடவில்லை. மடிக்கணினியை எடுத்து பிளேயரைச் சொருகிக் காட்டினாள். ஃபைல்களுக்கு அந்த என்ஜினியர் வெறும் எண்தான் பேராக வைத்திருந்தார். அவை 1, 10, 11, 12, அப்புறம் 2, 3 என்று நின்றன. "ஒண்ணுல தொடங்குறத எல்லாம் இது மொதல்ல அடுக்கிரும் அங்கிள். பத்தையும் பன்னெண்டையும் ரெண்டுக்கு முன்னால தூக்கி வச்சிட்டு. நீங்க கேட்ட நாலாவதுதான் கடைசி" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது.

அன்று அவருக்கு வேலை ஓடவில்லை. கியர்பாக்ஸ் சுற்றியது, காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. நல்ல பீஸுக்கு ரிஜக்ட் ஒட்டினார். எழுந்து அறைக்குள்ளேயே நடந்தார். டீயை வாங்கி மேஜையில் வைத்து, அது ஆறியதைப் பார்த்துக்கொண்டே நின்றார். சூப்பர்வைசர் ராஜசேகர் எட்டிப் பார்த்து, "இன்னா சார், ஒடம்பு சரியில்லியா?" என்றார். என்னவென்று சொல்வது? ஒரு பாட்டின் வரிசை மாறிவிட்டது என்றா?

பாட்டு மட்டுமானால் துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பார். கடைசி இருபது நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் செல்வமேரி கேட்ட கேள்வி அவருக்கு இன்னும் கேட்கிறது. "ஏங்க, செத்தப்பறம் இன்னா இருக்கும்?" சாமியார் சொன்னதெல்லாம் அவளுக்கும் தெரியும். இருந்தும் இவரிடம் கேட்டாள். இவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவள் காதில் இயர்போனை வைத்து, பாட்டுக்குப் பாட்டு கதை சொன்னார். நாலாவது பாட்டு முடிந்து அவர் நிறுத்தும்போது, "உம், அப்பறம்?" என்பாள். "அப்பறம் இன்னா, எழுந்து வந்து பாடுறா பாரு" என்பார். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். இருபது நாளும் அதே கதை, அதே இடத்தில் அதே "அப்பறம்?"

அத்தனையும் பொய். சாகப்போகிறவளிடம், கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன பொய். அதை நாலு வருஷமாகக் கல்லறையிலும் வைத்துச் சத்தமாக ஒலிக்கவிட்டிருக்கிறார். திருநாளுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. அன்றைக்கு எந்த முகத்தோடு அந்தப் பாட்டைப் போடுவது? போடாமல்தான் எப்படி இருப்பது?

வெள்ளிக்கிழமை ஜோவிதாவிடம் வரிசையைச் சரிபண்ணித் தரச் சொன்னார். அவள் கை நீட்டியதும் வேண்டாமென்று பிளேயரைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டார். சனிக்கிழமை மறுபடி அவரே நீட்டினார்.

"தெரியாமச் சொல்லிட்டேன் அங்கிள். உங்க வரிசையே நல்லாதான் இருந்துச்சு" என்றாள் பாவம்.

"நல்லா இருந்துச்சு, சரி. கரெக்டா இருந்துச்சா?" என்று எரிந்து விழுந்தார்.

அவள் சரிபண்ணித் தந்த வரிசையில் வீட்டிலேயே இரண்டு நாள் கேட்டார். காது பொய் சொல்லவில்லை. புதுக் குரலோடு வருகிறவள், பாட்டுக்குப் பாட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, பன்னிரண்டில் நின்றுபோகிறாள். மோட்சத்து விருந்து என்று அவர் நினைத்தது நிச்சயதார்த்த விருந்து. அதற்கப்புறம்தான் எல்லாம் கெட்டுப்போகிறது. அவருக்கு இது முன்பே உறைத்திருக்க வேண்டும். செத்து எழுந்த குரலில் இத்தனை தெளிவா என்று முதல் வருஷமே ஒரு தடவை நெருடியதுதான். மோட்சமென்றால் அப்படித்தான் என்று தானே 'ஓகே' ஒட்டிவிட்டார். ரிஜக்ட் பீஸை வேண்டுமென்றே பாஸ் பண்ணிய இன்ஸ்பெக்டர் அவர். தன் மேலேயே அவருக்கு அருவருப்பாக வந்தது.

சனி போய் ஞாயிறு, திங்கள், செவ்வாய். சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடுவார். நடந்தால் உட்காரத் தோன்றும். பஸ்ஸில் இயர்போனை மாட்டவேயில்லை. "இன்னா சார், எல்லாரும் செத்துட்டாங்களா?" என்றார் கன்னியப்பன். வழக்கமான கிண்டல்தான். "வண்டியப் பாத்து ஓட்டுய்யா" என்று அருள்நாதன் கத்திய கத்தலில் பஸ் அடங்கிப்போனது. இறங்கும்போது கன்னியப்பன் அவர் தோளைத் தொட்டார்.

நவம்பர் இரண்டு. மழை விட்டு ஈரமாக இருந்தது கல்லறைத் தோட்டம். குடும்பம் குடும்பமாகப் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் லிசா ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வந்திருந்தாள். போன வருஷம்தான் கல்யாணமானவள். செவ்வந்தி மாலையைச் சிலுவையில் மாட்டி, மெழுகுவர்த்திகளை ஏற்றிவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் ஸ்பீக்கரைப் பையிலிருந்து எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தார்.

"பாட்டு போடலியாப்பா?"

"இல்லம்மா."

"ஏன், சார்ஜ் இல்லியா?"

அங்கேயே, ஈரத் தரையில் நின்றபடி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வரிசை மாறியது, ஜோவிதா சொன்னது, செத்த பிறகு பாட்டே இல்லாதது. "ஒங்கம்மாவ ஏமாத்திட்டேன்டி. நம்பிகினே போய்ட்டா" என்றார்.

காற்றுக்கு அணைந்த மெழுகுவர்த்தி ஒன்றை லிசா மறுபடி பற்றவைத்தாள்.

"அம்மாவுக்குத் தெரியும்ப்பா."

"இன்னாது?"

"பாட்ட கேக்க வெச்சா பேரு சொல்ற ஆப் இருந்துச்சு என் போன்ல. ஆஸ்பத்திரிலயே கண்டுபிடிச்சி, கதையப் படிச்சிட்டேன். நீ சொல்றது மாறிகீதேன்னு அம்மாகிட்ட சொன்னேன். 'அப்பாகிட்ட வாயத் தொறந்தின்னா பாரு'ன்னாங்க."

அருள்நாதனுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப எதுக்கு தெனமும் கேட்டா?"

"கேக்கலப்பா. அந்தப் பொண்ணு கத்துறது அம்மாவுக்கு ஆவவே ஆவாது. தலவலி வந்துரும். நான்தான் ரெண்டு காதுலயும் பஞ்சு வெச்சி விடுவேன். அதுக்கு மேலதான் நீ இயர்போன மாட்டுவ." லிசாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "பஞ்சு வெச்சாலும் நீ காதுகிட்ட குனிஞ்சி சொல்றது கேக்கும்ல? அதுக்குத்தான். 'உங்கப்பன் கல்யாணமாகி இத்தினி வருஷத்துல சேந்தாப்புல இவ்ளோ நேரம் எங்கிட்ட பேசனதே இல்லடி. பாட்டு எக்கேடோ கெட்டுப் போவுது, கதைய நிறுத்திடப் போறாரு'ன்னாங்க."

ஒரு பல்சக்கரத்தில் முடி அளவு தேய்மானத்தைக் கண்டுபிடிக்கிற மனுஷன், இருபது நாள், பெண்டாட்டி காதில் இருந்த பஞ்சைக் கண்டுபிடிக்கவில்லை. நாலு வருஷமாக, அவளுக்கு ஆகவே ஆகாத பாட்டை அவள் தலைமாட்டில் வைத்து முழுச் சத்தத்தில் அலறவிட்டிருக்கிறார். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் வருஷா வருஷம் முறைத்தார்கள். அவளும் முறைத்துத்தான் இருப்பாள். அதை நினைத்ததும் அவருக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. சிரித்த வாய் மூடுவதற்குள் கண் நிரம்பிவிட்டது.

ஸ்பீக்கரைப் பைக்குள் ஆழமாக அழுத்தி, ஜிப்பை இழுத்து மூடினார். வேட்டியை மடித்துக்கொண்டு ஈரத்தைப் பார்க்காமல் கல்லறையை ஒட்டித் தரையில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் குனிந்த மாதிரியே சிலுவைப் பக்கம் குனிந்தார்.

"மேரி," என்றார். "மொதல்ல வெறும் வாத்தியம். அப்பறம் அவங்கப்பா வந்து பொலம்புறாரு. மூணாவதா அந்தக் கத்துற பையன் வரான். நாலாவதுல அந்தப் பொண்ணு செத்துப் போயிடுறா."

அங்கே நிறுத்தினார். பழக்கம். அந்த இடத்தில் எப்போதும் நிறுத்தித்தான் பழக்கம். மெழுகு உருகிக் கல்லில் சொட்டியது. சுற்றிலும் யார் யாரோ ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் அந்த ஒரு சொல்லுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு, நிமிராமல் காத்திருந்தார்.

லிசா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உம்," என்றாள். "அப்பறம்?"