பூச்சியம் காட்டிய பதினாறு நாட்கள்

பிரகலாதன் கணித ஆசிரியர். வட்டுக்கோட்டையில் வீடு. இருபத்தெட்டு வருடமாகப் படிப்பிக்கிறார். ஒரே மகள் பேராதனையில் படித்துக்கொண்டிருந்ததால் வீட்டில் அவரும் மனைவி தயாளினியும் மட்டும்தான். கடந்த சித்திரையில் தயாளினிக்கு இரத்தத்தில் சீனி கூடியிருப்பது தெரியவந்தது. மருந்தோடு நாளுக்கு ஆறாயிரம் அடியாவது நடக்கவேண்டும் என்று கிளினிக்கில் டொக்டர் சொன்னார். சொன்னது தயாளினிக்கு. ஆனால் அதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டவர் பிரகலாதன்.

தன்னுடைய பழைய போனைத் துடைத்து, அடிகளை எண்ணும் செயலி ஒன்றை அதில் இறக்கி, மனைவியிடம் கொடுத்தார். அவருக்கு விடியற்காலையில் சித்தன்கேணியில் ரியூசன் வகுப்பு. ஐந்தரைக்குப் போனால் ஏழு மணிக்குத்தான் திரும்புவார். அதற்கிடையில் தயாளினி நடந்து முடித்துவிடுவாள். அவர் வந்ததும் போனை வாங்கிப் பார்த்து, அன்றைய தொகையைக் குசினிச் சுவரில் தொங்கும் கலண்டரில் எழுதுவார். ஆறாயிரத்தைத் தாண்டினால் நீலப் பேனை. குறைந்தால் சிவப்பு.

"என்னையும் உங்கடை வகுப்பிலை சேத்திட்டியள்," என்று தயாளினி சிரிப்பாள்.

மூன்று மாதம் ஏறக்குறைய எல்லாமே நீலம். பிறகு ஆவணியில் ஒரு திங்கட்கிழமை போன் பூச்சியம் காட்டியது.

"இண்டைக்கு நடக்கப் போகேல்லையோ?"

"போனனான். கோயிலடிக்குப் போய் வீதியைச் சுத்தி நடந்திட்டுத்தான் வந்தனான்."

"இதிலை ஒண்டும் காட்டேல்லையே."

"போனிலை ஏதும் பிழையோ தெரியேல்லை."

"மூண்டு மாதம் பிழைக்காத போன் இண்டைக்கு மட்டும் ஏன் பிழைக்கப்போகுது?"

சிவப்புப் பேனையை எடுத்துப் பூச்சியம் போட்டார். செவ்வாயும் பூச்சியம். புதனும் பூச்சியம். வியாழக்கிழமை தயாளினி போனை நீட்டும்போதே, "நான் நடந்தனான். இது காட்டாது," என்றாள். அவர் கணக்கின் வழியைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதிக் கொண்டுவரும் பிள்ளையைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உடுப்பிட்டியில் தயாளினியின் தகப்பனாருடைய திவசம். தமக்கை குணலட்சுமியின் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். பந்தியில் தயாளினிக்குப் பாயாசம் விட குணலட்சுமி குனிந்தபோது, எதிர்வரிசையில் இருந்த பிரகலாதன் கையை நீட்டித் தடுத்தார்.

"அக்கா, அவவுக்கு விடாதேங்கோ. ஒரு கிழமையா வீட்டை விட்டு அசையேல்லை. கேட்டால் கோயிலடிக்கு நடந்தனான் எண்டு சொல்லுறா. போன் பூச்சியம் காட்டுது. இந்த வயசிலை பொய்யும் சொல்லப் பழகிட்டா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஓரிரண்டு பேர் சிரிக்கவும் செய்தார்கள். குணலட்சுமியின் மருமகள் பிரசாந்தி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். தயாளினி குழைத்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழும்பிப் போய்க் கை கழுவினாள். திரும்பும்போது பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்து வெளியே பார்த்தபடியே வந்தாள். அதற்குப் பிறகு போனில் பிழையிருக்கும் என்று அவள் சொல்லவேயில்லை. காலையில் போனைக் குசினி மேசையில் வைப்பாள். அவர் பார்ப்பார். பூச்சியத்தை எழுதுவார்.

பூச்சியம் தொடங்கி இரண்டு கிழமை கடந்தது. அவளைக் கையும் களவுமாகப் பிடித்துவிடவேண்டும் என்ற எண்ணம் பிரகலாதனுக்கு வந்தது. பதினாறாவது நாள் செவ்வாய்க்கிழமை, பிள்ளைகளுக்கு வகுப்பில்லை என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு, வழக்கம்போல ஐந்தரைக்குச் சைக்கிளில் புறப்பட்டார். சித்தன்கேணிப் பக்கம் போகாமல் தங்கள் ஒழுங்கை திரும்பும் முடக்கில் ஒதுங்கி நின்றார்.

பத்து நிமிடம் கழித்துப் படலை திறந்தது. தயாளினி வந்தாள். கையில் போன். வயல்கரைப் பாதையால் பிள்ளையார் கோயிலை நோக்கி நடந்தாள். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு தூரத்தில் தொடர்ந்தார். கோயிலடியில் தேர் விடும் கொட்டகைக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

அவள் வெளிவீதியைச் சுற்றத் தொடங்கினாள். ஒரு சுற்று முடிந்ததும் போனைப் பார்த்தாள். உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை குலுக்கினாள். பிறகும் பார்த்தாள். சீலைத் தலைப்பால் அதன் கண்ணாடியைத் துடைத்தாள். அடுத்த சுற்றில் போனை இடக்கைக்கு மாற்றினாள். அதற்கடுத்த சுற்றில் கையை உயர வீசி வீசி நடந்தாள். அவர் எண்ணிக்கொண்டு நின்றார். எட்டாவது சுற்றில் வலது காலைச் சாய்த்து வைப்பது தெரிந்தது. ஒன்பதாவது சுற்று முடிந்து கேணிக் கட்டில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். இடுப்பில் செருகியிருந்த கைலேஞ்சியை எடுத்துப் பாதத்தைச் சுற்றிக் கட்டினாள். வீட்டுக்குப் போகப்போகிறாள் என்று அவர் நினைத்தார். அவள் எழும்பிப் பத்தாவது சுற்றுக்குப் போனாள்.

பிரகலாதனுக்கு ஓடிப்போய் அவளை நிறுத்தவேண்டும் என்று தோன்றியது. ஆனால் எப்படி இங்கே வந்தீர்கள் என்று அவள் கேட்டால் என்ன சொல்வது? ஒளிந்து நின்று பார்த்தேன் என்றா? சைக்கிளைத் திருப்பினார். அவளுக்கு முன்னால் வீட்டுக்குப் போய், பேப்பரை விரித்துக்கொண்டு இருந்தார்.

தயாளினி வந்து போனை மேசையில் வைத்தாள்.

"தாரும், பின்னேரம் கடையிலை ஒருக்காக் காட்டிப் பாக்கிறன்," என்றார். அவருடைய குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

சங்கானையில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவள் தாரிகா. ஒருகாலத்தில் அவரிடம் கணிதம் படித்தவள். "வாங்கோ சேர்," என்று எழும்பிக் கதிரையை இழுத்துப் போட்டாள். போனை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் வைத்து, கடைக்குள் அங்குமிங்குமாக இருபது அடி நடந்தாள். பூச்சியம். போனை நிறுத்தித் திரும்பவும் இயக்கினாள். நடந்தாள். பூச்சியம். பிறகு அமைப்புகளைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள்.

"இஞ்சை பாருங்கோ சேர். நாங்கள் அசையுறதைப் பாக்கிறதுக்கு இந்தச் செயலிக்கு நாங்கள் அனுமதி குடுக்கவேணும். இதிலை அனுமதி இல்லை எண்டு கிடக்கு. போதாததுக்குப் பற்றறியை மிச்சம் பிடிக்க எண்டு இதை நித்திரையாக்கியும் விட்டிருக்கு."

"அது… தானா வந்திருக்குமோ?"

"பாவிக்காத செயலியெண்டால் சில நேரம் தானா எடுபடும். இது ஒவ்வொரு நாளும் திறந்து பாத்த செயலி. ஆரோ கையாலைதான் நிப்பாட்டியிருக்கினம்." அவள் சிரித்தாள். "வீட்டிலை சின்னப்பிள்ளையள் ஆரும் போனை நோண்டுறவையோ சேர்?"

அப்போதுதான் பிரகலாதனுக்கு ஞாபகம் வந்தது. அந்தத் திங்கட்கிழமைக்கு முதல்நாள் ஞாயிற்றுக்கிழமை. போனின் பற்றறி கெதியாக இறங்குகிறது என்று தயாளினி சொல்லியிருந்தாள். போன்கள் ஆட்களை வேவு பார்ப்பதாகப் பேப்பரில் ஒரு கட்டுரையும் வந்திருந்தது. மத்தியானம் சாய்மனைக் கதிரையில் இருந்து, ஒவ்வொரு செயலியாகத் திறந்து, இதுக்கு ஏன் இது, அதுக்கு ஏன் அது என்று எல்லா அனுமதியையும் பறித்தவர் அவரேதான்.

"ஓம்," என்றார் தாரிகாவிடம். "பக்கத்து வீட்டுப் பிள்ளையள் வாறவை."

அந்தப் பொய் எவ்வளவு இலகுவாக வந்தது என்று அவருக்கே திகைப்பாக இருந்தது. தாரிகா இரண்டு இடத்தில் விரலால் தட்டினாள். மறுபடி இருபது அடி நடந்து, திரையை அவர் பக்கம் திருப்பினாள். இருபது.

"போன நாளையளை இதிலை எடுக்கேலாதோ?"

"எண்ணாததை எடுக்கேலாது சேர்."

வீட்டுக்கு வந்தபோது தயாளினி பின் விறாந்தையில் வாங்கில் உட்கார்ந்து காலை உப்புத் தண்ணீருக்குள் விட்டிருந்தாள். அவரைக் கண்டதும் காலை எடுத்துச் சீலையால் மூடினாள். அவர் குனிந்து சீலையை விலக்கினார். பெருவிரலுக்குக் கீழே கொப்புளம் உடைந்து, சுற்றிவரச் சிவந்து வீங்கியிருந்தது.

"எத்தினை நாளா உது?"

"ஒரு கிழமை இருக்கும். ஏன், போன் என்னவாம்?"

"போனிலைதான் பிழை," என்றார் பிரகலாதன்.

தயாளினியின் முகம் மலர்ந்ததை அவர் பார்த்தார். "பாத்தியளோ! நான் சொன்னனான். அப்ப அக்காவுக்கும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ. என்னைப் போனிலை கூப்பிட்டு அவ்வளவு பேச்சுப் பேசினவ."

அவர் அவளுக்கு முன்னாலேயே உடுப்பிட்டிக்கு அழைத்தார். போன் பழுதாகிவிட்டதாம், தயாளினி ஒவ்வொரு நாளும் நடந்திருக்கிறாள் என்றார். "உந்தப் போனுகள் உப்பிடித்தான் தம்பி," என்றாள் குணலட்சுமி. "நீங்கள் பாவம், என்ன செய்வியள்?" அவர் ஓம் ஓம் என்று சொல்லி வைத்துவிட்டார். இரவுச் சாப்பாட்டில் தயாளினி அவருக்கு இன்னொரு இடியப்பம் வைத்தாள். அவர் அதைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழும்பினார்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். காயத்தைத் துடைத்து மருந்து கட்டிய தாதி, தயாளினியைக் கண்டபடி பேசினாள்.

"சீனி வருத்தக்காரர் காலை எப்பிடிப் பாக்கவேணும் எண்டு கிளினிக்கிலை சொல்லித் தந்ததுதானே அம்மா? இந்தக் காயத்தோடை நடக்கச் சொல்லி ஆர் சொன்னது? இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் விரல் போயிருக்கும்."

"ஒருத்தரும் சொல்லேல்லை மிஸ்," என்றாள் தயாளினி. "நடை காணாது எண்டு நான்தான் கூட நடந்திட்டன்."

பிரகலாதன் பக்கத்தில்தான் நின்றார். தாதி அவரைப் பார்த்து, "ஐயா, நீங்களாவது கவனிச்சிருக்கலாம்," என்றபோது தலையை ஆட்டினார்.

வெளியே வேப்பமரத்தடியில் ஓட்டோவுக்குக் காத்திருந்தபோதுதான் சொன்னார். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"போன் பிழைக்கேல்லை. அதை நிப்பாட்டினது நான். அண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை பற்றறிக்காக எண்டு எல்லாத்தையும் நோண்டினனான். நேற்றுக் கடையிலைதான் தெரியும். தெரிஞ்சும் உமக்கு மறைச்சுப்போட்டன். இன்னுமொண்டு. நேற்று விடிய வகுப்புக்குப் போகேல்லை. கோயிலடியிலை ஒளிச்சு நிண்டு உம்மைப் பாத்தனான். நீர் காலிலை லேஞ்சி கட்டினதையும் பாத்தனான்."

ஒரு ஓட்டோ வந்து நின்றது. அவள் கையசைத்து அதைப் போகச் சொன்னாள்.

"பாத்திட்டு?"

"வீட்டை வந்திட்டன்."

"லேஞ்சி கட்டினதைப் பாத்திட்டு வீட்டை வந்திட்டியள்."

அவர் குடையின் பிடியைத் திருகிக்கொண்டு நின்றார்.

"நீங்கள் தெரியாமல் நிப்பாட்டினதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை," என்றாள் அவள். குரல் உயரவில்லை. "ஆருக்கும் வாற பிழை. ஆனால் பதினாறு நாள். ஒருக்காத்தன்னும் அந்தப் போனை உங்கடை பொக்கற்றுக்கை போட்டுப் படலை மட்டும் நடந்து பாத்தியளோ? அவ்வளவுதானே வேலை. போனைச் சந்தேகப்பட உங்களுக்கு மனம் வரேல்லை. என்னைச் சந்தேகப்படக் கெதியா வந்திட்டுது."

வெயில் காலில் விழுந்தது. அவர் தன்னுடைய குடையை விரித்து அவள் பக்கம் பிடித்தார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவரைப் பார்க்கவுமில்லை.

"நான் என்ன செய்யவேணும், தயா?"

"அக்கா வீட்டை போய்ச் சொல்லுங்கோ. போனிலை வேண்டாம். நேரை போய்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாக உடுப்பிட்டிக்குப் போனார். பஸ்ஸில் இருந்தபடி சொல்லவேண்டிய வசனங்களை மனதுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டே போனார். குணலட்சுமியும் கணவரும் பிரசாந்தியும் வீட்டில் இருந்தார்கள். தேத்தண்ணி வந்தது. அதைக் கையில் எடுக்காமல், ஒழுங்குபடுத்திய வசனங்களும் மறந்துபோய், நடந்ததை நடந்தபடி சொன்னார்.

குணலட்சுமி ஆறிப்போன தேத்தண்ணியைத் தள்ளி வைத்தாள். பிறகு, "அவள் சோத்தைக் குழைச்சபடி விட்டிட்டு எழும்பினவள்," என்றாள். "அப்பாவின்ரை திவசச் சோறு. நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான். பாத்திட்டும், உங்களை நம்பி, அடுத்த நாள் எடுத்து அவளைத்தான் பேசினனான். ஏனடி பொய் சொல்லுறாய் எண்டு." அவள் கண்ணைத் துடைத்தாள். "நீங்கள் வந்து சொன்னது நல்லது. ஆனால் எனக்கு உங்களிலை கோவம் இருக்கு தம்பி. அது இப்ப போகாது."

"ஓம் அக்கா," என்றார் பிரகலாதன். அங்கிருந்து எழும்பி வரும்போது மனம் இலேசாகியிருக்கவில்லை. பஸ் தரிப்பிடத்தில் நின்ற தெரியாத ஆட்களுக்கும் தன் கதை தெரியும்போல இருந்தது.

தயாளினியின் காயம் ஆற ஐந்து கிழமை சென்றது. அவ்வளவு நாளும் ரியூசன் வகுப்பை ஒரு மணித்தியாலம் பின்போட்டு, காலையில் அவளுக்குத் தண்ணீர் சுடவைத்து, காலைக் கழுவித் துடைத்து, மருந்து கட்டியவர் அவர்தான். அவள் காலை நீட்டுவாள். ஊர்க்கதை கதைப்பாள். மகளைப் பற்றிக் கதைப்பாள். திவசம் நடந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் இருவரும் கதைக்கவில்லை. நெருங்கி வந்த இடங்களில் அவர் கண்ணைத் தாழ்த்திக்கொள்வார். அவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

கார்த்திகையில் மழை விட்ட ஒரு காலையில் அவள் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு படலைக்கு வந்தாள். அவர் போனை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

"அது வீட்டிலை கிடக்கட்டும்," என்றாள்.

"நானும் வரட்டோ?"

அவள் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். "இண்டைக்கு வேண்டாம். தனிய நடக்கிறன்."

"சரி," என்றார் பிரகலாதன். அவள் வெள்ளம் நின்ற இடங்களை ஒதுக்கி ஒதுக்கி, வயல்கரைப் பாதையில் போனாள். ஒரு மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்து, கோயில் கேணி நிரம்பி வழிகிறது என்றாள். அவர் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தார். எவ்வளவு தூரம் நடந்தீர் என்று கேட்கவில்லை.