மூன்றாம் மாத ரிப்போர்ட்

…சர்க்கரைக்கான டெஸ்ட் என்று அன்றைக்கே அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது, அம்மாவுக்கு இந்தி பாதிதான் புரியும் என்பதற்காக மீதிப் பாதியைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிச் சொன்னது தப்புதானே என்று கோகிலவாணி நினைத்துக்கொண்டிருந்தாள், தோல் டாக்டரின் அறை வாசலில், இரும்பு பெஞ்சில், கையிலிருந்த ரிப்போர்ட்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்து… ஈரல் சரி, கொழுப்பு சரி, கடைசி வரியில் கர்ப்பம் இல்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாதது எவ்வளவு வசதி. பக்கத்தில் அம்மா செண்பகவல்லி, அம்பர்நாத்தில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டார் சம்மதம் சொல்லிவிட்ட சந்தோஷத்தில், மாசிக் கடைசி முகூர்த்தத்தைப் பற்றித் தாராவியிலிருந்து ஆஸ்பத்திரி வரை பேசிக்கொண்டே வந்து இப்போதுதான் ஓய்ந்திருந்தாள். மாசிக் கடைசிக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. பருவுக்கான மாத்திரைக்கோ இன்னும் முழுசாக மூன்று மாதம். இது அம்மாவுக்குத் தெரியாது, அம்பர்நாத்காரர்களுக்கும் தெரியாது, எப்படிச் சொல்வது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது?

பதினைந்து வயதில் தொடங்கியது, இப்போது இருபத்து மூன்று. வெறும் பரு என்றால் யார் கவலைப்பட்டார்கள், இது தாடையோரம் உள்ளுக்குள்ளேயே வீங்கி, தலையணை பட்டாலும் வலிக்கும் கட்டி, ஒன்று அமுங்கினால் இரண்டு. பூசாத களிம்பு இல்லை. செம்பூரில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, கடை முழுக்க எங்கு திரும்பினாலும் தன் முகம், ஒருநாள் ஒரு பெண்மணி, ஒட்டிக்கொள்ளும் நோயா என்று இந்தியில் கேட்டுவிட்டு, இவள் எடுத்துக் கொடுத்த ஃபிரேமைத் துப்பட்டாவால் துடைத்தபின்தான் போட்டுப் பார்த்தாள். அதற்கு அடுத்த வாரம்தான் டாக்டர் சாதனாவிடம் வந்தது. மாத்திரை தொடங்கிய முதல் மாதம் முகம் இன்னும் சிவந்து பொங்கி, அட்டையோடு குப்பையில் வீசி, அரைமணி நேரம் கழித்துத் தானே குனிந்து எடுத்து… உதடு வெடித்து, சிரித்தால் ரத்தம் எட்டிப் பார்க்கும், சரி, அப்போது சிரிக்க என்ன இருந்தது. ஆனால் போன வாரம் முகம் கழுவும்போது இடது தாடையில் விரல் எங்கும் தடுக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. திரும்பவும் தடவினாள். வாளி நிரம்பி வழிந்ததுகூடத் தெரியாமல் தடவிக்கொண்டே நின்றாள். அதைப் போய் இப்போது பாதியில் விடுவதா?

உள்ளே கூப்பிட்டார்கள், அம்மாவும் கூடவே வந்தாள். டாக்டர் சாதனா இவள் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பி, "பஹுத் அச்சா" என்று சொல்லிவிட்டு அடுத்த மாதத்துச் சீட்டை எழுதப் போனார், அப்போது இவள் வாய் தானாகவே, கல்யாணம் பேசியிருக்கிறது மேடம் என்று இந்தியில் சொல்லிவிட்டது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். முதல்நாள் சொன்னேனே, அம்மாவிடம் சொன்னாயா? இல்லை. சொல், நான் இருக்கிறேன். சொன்னாள்.

"எம்மா, நான் ஒங்கிட்ட பொய் சொல்லிட்டேன். அது சக்கரை டெஸ்ட் இல்ல. வயித்துல பிள்ளை இருக்கான்னு பாக்குற டெஸ்ட்."

"ஏட்டி, என்ன சொல்லுத?"

"இந்த மாத்திரை திங்கிற பொம்பளைங்க எல்லாருக்கும் பாப்பாங்கம்மா. மருந்து ஒடம்புல இருக்கப்ப பிள்ளை தங்குனா அது கொறையோட பொறந்துரும். அதான்."

கல்யாணம் செய்துகொள்ளலாம், கரு தங்காமல் பார்த்துக்கொண்டால் போதும், அதற்கு வழி இருக்கிறது என்று டாக்டர் சொன்னதையும், தரையைப் பார்த்தபடி, இந்தமுறை ஒரு வார்த்தை மாற்றாமல் தமிழில் சொன்னாள். அம்மா தலையை ஆட்டினாள். "மறுமாசமே விசேஷம் உண்டான்னு கேக்க ஆரம்பிச்சிருவாக. அது சரிப்படாது." மாத்திரையை நிறுத்தச் சொல்லப் போகிறாள், இதோ சொல்லப் போகிறாள் என்று இவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, அம்மாவோ டாக்டரைப் பார்த்து, "பூரா கித்னா மஹீனா?" என்றாள், மொத்தம் எத்தனை மாதம் என்று. இன்னும் மூன்று மாதம் மாத்திரை, அதற்குப் பிறகு மருந்து உடம்பை விட்டுப் போக ஒரு மாதம் என்றார் டாக்டர். அம்மா விரல்களை மடக்கினாள். "அப்ப வைகாசி."

வெளியே வந்ததும், ஜனங்கள் இடித்துக்கொண்டு போகும் நடையிலேயே நின்று அம்மா அம்பர்நாத்துக்குப் போன் போட்டாள். "அண்ணாச்சி, பிள்ளைக்கு ஒரு வைத்தியம் நடக்கு, வைகாசியிலதான் தோதுப்படும்… பயப்படுதாப்ல ஒண்ணும் இல்ல…" மாப்பிள்ளை ராஜபாண்டியிடம் கேட்டுச் சொல்கிறார்களாம். போனைப் பைக்குள் போட்டுவிட்டு இவளைப் பார்த்தாள். "அவுக என்ன சொன்னாலும் நீ மாத்திரையைத் தின்னு. எங்கிட்ட எதுக்குட்டி பொய் சொன்ன?" இவளுக்குச் சிரிப்புதான் வந்தது, உதடு எரிந்தது, எரியட்டும். அம்மா முன்னால் நடந்தாள். அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தைத் தனக்குள் தேடிப் பார்த்தாள், இங்கேதான் எங்கேயாவது இருக்க வேண்டும், காணோம்… போட்டோவைப் பார்த்துவிட்டு மூன்று இடத்தில் வேண்டாம் என்றார்கள், ராஜபாண்டி சரி என்றான், அன்றைக்கு அதுவே பெரிதாக இருந்தது, யோசிக்காமல் இவளும் சரி என்றாள். இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. தனக்கு அவனைப் பிடித்திருக்கிறதா என்று இதுவரை யாரும் கேட்கவில்லை, யாரும் என்றால், தானும்தான்…