இரும்புத்தேரின் இடது கால்

புதன்கிழமை காலைப் பயிற்சியில் இரும்புத்தேர் என்ற பந்தயக் குதிரை கடைசி இருநூறு மீட்டரைப் பன்னிரண்டு விநாடியில் கடந்தது. போன புதனும் பன்னிரண்டுதான். மேடையில் என் பக்கத்தில் நின்ற பத்திரிகைக்காரர்கள் கடிகாரத்தை அமுக்கினார்கள், எண்ணைக் குறித்தார்கள், டீ குடிக்கப் போனார்கள்.

நான் போகவில்லை. கைபேசியில் எடுத்த படத்தை மெதுவாக ஓடவிட்டுப் பாய்ச்சல்களை எண்ணினேன். போன வாரம் அந்த இருநூறு மீட்டருக்கு இருபத்தெட்டு. இன்று முப்பது. மறுபடி எண்ணினேன். முப்பதுதான்.

அதே தூரம், அதே நேரம், இரண்டு பாய்ச்சல் கூடுதல். குதிரை ஒவ்வொரு பாய்ச்சலையும் குறுக்கி வைக்கிறது. குறைந்த தூரத்தைக் கால்களை வேகமாக வைத்து ஈடுகட்டுகிறது. இன்னொன்றும் இருந்தது. வளைவில் வலது முன்னங்காலை முன்னே போட்டு ஓடும் குதிரை, நேர்ப்பாதைக்கு வந்ததும் இடது காலுக்கு மாற்றிக்கொள்ளும். கனமான பையை நாம் கை மாற்றிக்கொள்வதுபோல. இரும்புத்தேர் மாற்றவில்லை. மூன்று காலையாக மாற்றவில்லை. இடது கால் வலிக்கிறது என்று அது தனக்குத் தெரிந்த ஒரே வழியில் சொல்லிக்கொண்டிருந்தது. கடிகாரம் வைத்திருந்த யாருக்கும் அது கேட்கவில்லை.

குதிரை மேல் உட்கார்ந்திருந்தவன் என் அண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய பந்தயம். வருஷத்துக்கு ஒரு தடவை, இரண்டாயிரத்து நானூறு மீட்டர், பதினான்கு குதிரைகள். அண்ணன் பன்னிரண்டு வருஷமாகப் பந்தயக் குதிரை ஓட்டுகிறான். ஜெயிக்கும் என்று எல்லோரும் சொல்லும் குதிரை பெரிய பந்தயத்தில் அவனுக்குக் கிடைத்தது இதுதான் முதல் தடவை. ஐந்நூறு கிலோ எடை, மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகம். முன்னங்கால் எலும்பு முறிந்தால் குதிரை தலைகுப்புற விழும். பின்னால் வருபவை நிற்க முடியாது. நான் இயற்பியல் படித்தவள். இதற்குக் கற்பனை தேவையில்லை.

நான் வேலை பார்ப்பது ஒரு பந்தய வாரப் புத்தகத்தில். காலையில் குதிரைகளுக்கு நேரம் எடுப்பேன், மதியம் கணிப்பு எழுதுவேன். கணிப்புக்கு மேலே ஆசிரியரின் படம் இருக்கும். அவரைப் பந்தயத் திடல் முழுக்க 'பைனாகுலர்' என்று கூப்பிடுவார்கள். கழுத்தில் ஒன்று எப்போதும் தொங்கும். அதை அவர் கண்ணில் வைத்துப் பார்த்ததை நான் பார்த்ததில்லை.

அன்று மதியம் அவர் மேசையில் நான்கு முன்னணிக் குதிரைகளைப் பற்றி எழுதி வைத்தேன்.

தூதுவன்: கடைசிவரை வேகம் குறையவில்லை. தூரம் தாங்கும். புறப்படும் கதவுக்குள் போக அடம் பிடிக்கிறது.

சாம்பல்மலை: ஜெயித்த மூன்று முறையும் தரை ஈரம். இந்த வாரம் முழுக்க வெயில்.

கடைசிப்பேச்சு: பெண் குதிரை, சுமக்கும் எடையில் சலுகை உண்டு. இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஓடியதே இல்லை.

இரும்புத்தேர்: நேரம் நன்று. ஆனால் பாய்ச்சல் குறுகுகிறது, நேர்ப்பாதையில் கால் மாற்றவில்லை. இடது முன்னங்காலைச் சோதிக்காமல் ஓட விடக்கூடாது.

"ஓட விடக்கூடாதா?" பைனாகுலர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "யாருமா நீ, நாட்டாமையா?"

"படம் இருக்கு சார். பாய்ச்சலை எண்ணினேன்..."

"பாய்ச்சலை எண்ணினியா! நான் முப்பது வருஷமா குதிரையை எண்ணிக்கிட்டிருக்கேன். இங்க பாரு. ஊரே கல்யாணத்துக்குக் கிளம்பி நிக்குது. வாசல்ல நின்னுக்கிட்டு மாப்பிள்ளைக்கு மூட்டுவலின்னு சொல்லுவியா?"

பக்கம் அமைப்பவர் கணினிக்குப் பின்னாலிருந்து சிரித்தார். "முதலிரவுக்கு அப்புறம் சொல்லலாம் சார்."

பைனாகுலர் சிவப்புப் பேனாவால் என் வரியை அடித்தார். மேலே எழுதினார்: 'எஃகுக் கால். எமனே வந்தாலும் இதற்குப் பின்னால்தான் வர வேண்டும்.'

"எப்படி?" என்று என்னிடமே கேட்டார்.

சொல்ல வேண்டியது எல்லாம் தொண்டை வரை வந்து நின்றது. எனக்கு எப்போதும் அப்படித்தான். பதில்கள் வீட்டுக்குப் போகும் பேருந்தில்தான் வரும், அழகழகாக. அன்றும் வந்தன. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கை வலித்தது.

வீட்டில் அண்ணன் சமையலறையில் எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் நின்றிருந்தான். ஐம்பத்திரண்டரை. இன்னும் அரை கிலோ இறங்க வேண்டும். அம்மா அவனுக்குப் பாதித் தட்டும் எனக்கு முழுத் தட்டும் வைத்திருந்தாள்.

"இரும்புத்தேருக்கு இடது கால் சரியில்லை," என்றேன்.

"தெரியும்."

நான் படத்தைத் திறந்துகொண்டிருந்தேன். விரல் அப்படியே நின்றது. "என்ன தெரியும்?"

"நீ கீழ நின்னு படம் எடுக்கிறவ. நான் மேல உக்காந்திருக்கிறவன். எனக்குத் தெரியாதா?" இயந்திரத்திலிருந்து இறங்கினான். "ஆரம்பத்துல கொஞ்சம் இறுக்கமா இருக்கு. சூடு ஏறினா சரியாயிடுது."

"சரியாகலை. ஈடுகட்டுது."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்லைடா! ட்ரெய்னர்கிட்ட சொன்னியா?"

"சொன்னா? 'அப்படியா தம்பி, ஓய்வெடு'ன்னு சொல்லிட்டு அடுத்தவனை ஏத்துவாரு. அவன் ஜெயிப்பான். நான் கைதட்டணும்." தட்டை இழுத்துக்கொண்டான். "பன்னிரண்டு வருஷம் கழிச்சு நல்ல குதிரை வந்திருக்கு. அதோட வாயைப் பிடிச்சுப் பல்லை எண்ணாதே."

"நான் எண்ணினது பல்லை இல்லை, காலை."

"வாயை மூடிக்கிட்டு சாப்பிடு. உனக்கு அதுதானே நல்லா வரும்?"

அம்மா குழம்புக் கரண்டியோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் சாப்பிடவில்லை. பைனாகுலர் மேல் வந்த கோபம் அவருக்கு ஒன்றும் தெரியாது என்பதால் வந்தது. இது வேறு. இவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே போய் ஏறுவான்.

வியாழக்கிழமை காலை மருத்துவப் பரிசோதனை. பெரிய பந்தயத்துக்குப் பெயர் கொடுத்த ஒவ்வொரு குதிரையும் லாயத்துக்கு முன்னால் இருக்கும் சிமெண்டுப் பாதையில், திடலின் மருத்துவர் முன்னால் நேராக ஓடிக் காட்ட வேண்டும். கயிற்றுக்கு இந்தப் பக்கம் பத்திரிகைக்காரர்கள். அந்தப் பக்கம் ட்ரெய்னர்கள், குதிரைக்காரர்கள், ஓட்டுபவர்கள்.

ஆறாவதாக இரும்புத்தேர் வந்தது. குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார். போனது, திரும்பியது, வந்தது. நேராக, அழகாக ஓடியது. டாக்டரம்மா தலையசைத்துக் குறிக்கப் போனார். அண்ணன் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். அவன் தோள் தளர்வதைப் பார்த்தேன். அந்தத் தளர்வுதான் என்னைக் கிளப்பியது.

"டாக்டர், நேரா ஓட்டினா தெரியாது."

என் குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. எல்லோரும் திரும்பினார்கள். பைனாகுலர், "ஐயோ, இந்தப் பொண்ணு..." என்றார்.

"சின்ன வட்டத்துல இடப்பக்கமா சுத்தி ஓட்டச் சொல்லுங்க. இடது கால் உள்பக்கம் வரணும். இந்த சிமெண்டு மேலயே."

இரும்புத்தேரின் ட்ரெய்னர் உயரமான மனிதர். வெள்ளைத் தொப்பியைக் கழற்றினார். "யாரு இவ? குதிரை வைத்தியம் எந்தக் காலேஜ்ல படிச்சே?"

"வைத்தியம் படிக்கலை. எண்ணப் படிச்சிருக்கேன்." கயிற்றுக்கு அடியில் குனிந்து போய்க் கைபேசியை டாக்டரம்மாவிடம் நீட்டினேன். "போன வாரம் இருபத்தெட்டுப் பாய்ச்சல். நேத்து முப்பது. மூணு நாளா கால் மாத்தலை. நீங்களே பாருங்க."

அவர் பார்த்தார். இரண்டாவது தடவை பார்த்தார். பிறகு கேட்டார், "நேத்து ஓட்டினது யாரு?"

அண்ணன் சுவரை விட்டு வந்தான்.

"ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதா?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. "இல்லைங்க. நல்லாத்தான் இருந்துச்சு."

அந்த நிமிஷம் அவனை எல்லோர் முன்னாலும் அறைந்திருப்பேன்.

"எதுக்கும் ஒரு சுத்து சுத்துங்க," என்றார் டாக்டரம்மா குதிரைக்காரரிடம். "இடப்பக்கம்."

முதல் சுற்றில் ஒன்றுமில்லை. ட்ரெய்னர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். இரண்டாவது சுற்றில், இடது கால் தரையைத் தொடும்போதெல்லாம் குதிரையின் தலை மேலே போனது. மூன்றாவதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பைனாகுலர்கூட வெறுங்கண்ணால் பார்த்தார்.

டாக்டரம்மா குனிந்து காலைத் தடவினார். "இங்க சூடு இருக்கு. எக்ஸ்ரே எடுக்கணும். ஞாயித்துக்கிழமை இது ஓடாது."

பைனாகுலர் ட்ரெய்னரின் காதில் ஏதோ சொன்னார். அவர் என்னைத் தாண்டி அண்ணனிடம் போனார். "உன் தங்கச்சியா?"

"ஆமாங்க."

"நல்ல குடும்பம். ஞாயித்துக்கிழமை என்னோட மத்த ரெண்டு குதிரைக்கும் வேற ஆள் பாத்துக்கிறேன். நீ வீட்ல உக்காந்து எண்ணிக்கிட்டிரு."

சாயங்காலம் எக்ஸ்ரே முடிவு வந்தது. எலும்பில் முறிவு எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. இரண்டு வாரம் ஓய்வு கொடுத்து மறுபடி எடுக்க வேண்டும். அண்ணன் அந்தச் செய்தியைக் கைபேசியிலிருந்து சத்தமாக, அம்மாவுக்கும் கேட்கும்படி, இரண்டு தடவை படித்தான்.

"கேட்டுதா? முறிவு இல்லையாம். என் பொழைப்பைத்தான் முறிச்சிருக்கே."

"தெளிவாத் தெரியலைன்னு போட்டிருக்கு. இல்லைன்னு போடலை."

"ஞாயித்துக்கிழமை ஓடியிருந்தா என்ன ஆகியிருக்கும்? சொல்லு. நீதான் படிச்சவளாச்சே."

"தெரியாது."

"ஒண்ணும் ஆகியிருக்காது! ஜெயிச்சிருப்பேன்!"

"இருக்கலாம். இல்லைன்னா நடுப்பாதையில கிடந்திருப்பே. பின்னால வந்த பதிமூணும் உன் மேல ஓடியிருக்கும். ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. தெரியாத விஷயத்து மேல ஏறி உக்கார்றேன்னு சொல்றே, வெட்கமா இல்லை?"

"என் உயிர். உனக்கென்ன?"

"அப்போ அம்மாகிட்ட சொல்லிட்டு ஏறு! இதோ நிக்கிறாங்க, சொல்லு!"

அவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தித் தாழிட்டான்.

நான் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விழாத ஒருவனிடம் விழுந்திருப்பாய் என்று நிரூபிக்க முடியாது. எந்தச் சோதனையிலும் முடியாது. வாழ்நாள் முழுக்க அவன் இதைச் சொல்லிக் காட்டுவான். முழுசான கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்லுவான்.

அம்மா அவன் தட்டில் சோறு போட்டாள். இன்று பாதி இல்லை, முழுத் தட்டு. எடை இறக்க வேண்டிய தேவை இனி இல்லை. அதை என்னிடம் நீட்டினாள்.

"கொண்டு போய்க் குடு."

"நானா? அவன் என்னை என்ன பேசினான்னு கேட்டீங்கல்ல?"

"கேட்டேன். நீ பேசினதையும் கேட்டேன். ஆறிடும், கொண்டு போ."

தட்டை வாங்கினேன். கதவருகே போய் நின்றேன்.

"சாப்பாடு," என்றேன்.

கதவு திறக்கவில்லை. ஒரு கையில் தட்டு. மறுகையை மடக்கிக் கதவில் குத்தினேன். பக்கத்து வீட்டில் யாரோ தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்கள். மறுபடி குத்தினேன்.

"போடி!" என்றான் உள்ளேயிருந்து.

"போகமாட்டேன். திட்டணும்னா கதவைத் திறந்து திட்டு!"

தாழ்ப்பாள் அசையவில்லை. நான் தட்டை இடுப்பில் அணைத்துக்கொண்டு, கையை மறுபடி ஓங்கினேன்.