ரோதாங்குக்கு இந்தப் பக்கம்

என் தம்பி இமயமலையில் வேலை பார்க்கிறான் என்றால் பெரம்பலூரில் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "எவரெஸ்ட்டுலயா?" இல்லை என்றதும் முகம் சுருங்கிவிடும். ஜாக்கெட் அளவு கொடுக்க வந்த ஒரு அம்மா, அடுத்த தடவை வரும்போது நல்ல உருத்திராட்சமாக இரண்டு கொண்டுவரச் சொல்லு என்றார். அளவெடுத்துக்கொண்டிருந்த டேப்பை அவர் தோளிலேயே போட்டுவிட்டு உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. உள்ளே போகாமல் இருந்திருந்தால் அன்றைக்கு ஒரு வாடிக்கை போயிருக்கும்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் தையல் கடை. வேறு கடைகளில் சாமி படமோ கழுத்து டிசைன் படமோ மாட்டியிருப்பார்கள். என் மிஷினுக்கு நேர் எதிரே இமயமலை மேப் தொங்கும். "இது எதுக்கு வேணி இங்க?" என்று கேட்காத ஆள் இல்லை. "சும்மா" என்பேன். கேட்பவர்களுக்கெல்லாம் பாடம் எடுக்க நான் என்ன வாத்தியாரா?

ஆனால் எனக்குத் தெரியும். இமயமலை என்பது ஒரு மலை இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வரிசை. தெற்கே இருப்பது சிவாலிக், மண்ணும் கூழாங்கல்லுமான குட்டை வரிசை. அதற்குப் பின்னால் நடு வரிசை. அதற்கும் பின்னால்தான் பனி கரையாத பெரிய வரிசை. எவரெஸ்ட் நேபாளத்தின் எல்லையில் இருக்கிறது, எட்டாயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டு மீட்டர். அடுத்த பெரிய சிகரமான கே2 இமயமலைக் கணக்கிலேயே வராது, அது காரகோரம். மூன்றாவது கஞ்சன்ஜங்கா, சிக்கிம் பக்கம். என் தம்பி பிரகாஷ் இருப்பது இது எதற்கும் பக்கத்தில் இல்லை. நடு வரிசையில் பீர் பஞ்சால் என்று ஒரு கிளை உண்டு. அதைத் தாண்டினால் லாஹௌல் என்ற பள்ளத்தாக்கு. அங்கே ரோட்டில் விழும் பனியை டோசரால் தள்ளுவது அவன் வேலை. அதற்கு முன்னால் அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் அதே மாதிரி டோசரை ஓட்டிக்கொண்டு, சட்டை முழுக்க வெள்ளைப் புழுதியோடு வீட்டுக்கு வருவான்.

பீர் பஞ்சாலைத் தாண்டும் வழிக்குப் பெயர் ரோதாங் கணவாய். பதிமூன்றாயிரம் அடி. எவரெஸ்ட் உயரத்தில் பாதிகூடத் தேறாது. பெரிய சிகரம் எதுவும் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. என் குடியைக் கெடுத்தது பேர் தெரியாத இந்தக் கணவாய்தான்.

எங்கள் அம்மா சிந்தாமணி ஒரு தை மாதத்தில் செத்துப்போனாள். அப்பா அதற்கு ரொம்ப முன்பே போய்விட்டார். பிரகாஷுக்குப் போன் போட்டேன். "அக்கா, ரோதாங் மூடிட்டாங்கக்கா, மேல இருவதடி பனிக்கா" என்று கதறினான். குளிர்காலத்தில் அவசரத்துக்கு ஹெலிகாப்டர் உண்டாம். மேகம் இறங்கினால் அதுவும் கிடையாது. அன்றைக்கு மேகம் இறங்கியிருந்தது. பெரியப்பா மகன் அறிவழகன்தான் அம்மாவுக்குக் கொள்ளி வைத்தான். என் மகள் இலக்கியா அப்போது கைக்குழந்தை. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனையில் நின்றேன். அதற்கு மேல் பெண்கள் போகக் கூடாதாம். அந்த வாரமே கடைவீதியில் மேப் வாங்கி வந்து மாட்டினேன். என்னையும் அவனையும் பிரித்தது எது என்று கண்ணால் பார்க்க வேண்டும்போல இருந்தது.

இலக்கியாவின் அப்பா அதற்கு முன்பே திருப்பூரில் வேறு குடித்தனம் வைத்துவிட்டார். அந்தக் கதைக்கு ஒரு வரி போதும். ஆக, எனக்கென்று இருந்தது மடியில் ஒரு பெண், மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தம்பி. போனில் பேசும்போதெல்லாம், "உன்னை வுட்டா எனக்கு யாருடா இருக்கா?" என்று சொல்லாமல் வைத்ததில்லை. பாசத்தில் சொன்னேன். அது அவன் காதில் எப்படி விழும் என்று நான் யோசிக்கவில்லை.

பிறகு ஒரு புரட்டாசியில் ரோதாங்குக்கு அடியிலேயே சுரங்கப்பாதை குடைந்து திறந்துவிட்டார்கள். ஒன்பது கிலோமீட்டர். மேலே எவ்வளவு பனி கொட்டினாலும் கீழே வண்டி ஓடும். டிவியில் பார்த்ததும் கேசரி கிண்டித் தெருவுக்கே கொடுத்தேன். "என்ன வேணி, விசேஷமா?" என்றார்கள். "மலையில ஓட்டை போட்டுட்டாங்க" என்றேன். இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும், கேசரியில் முந்திரி குறைவில்லை.

எங்கள் பக்கம் பிள்ளைக்குக் காது குத்துவது தாய்மாமன் மடியில்தான். ஒற்றைப்படை வயதில் குத்த வேண்டும். ஒன்றில் அம்மா செத்த தீட்டு. மூன்றில் கொரோனா. ஐந்தில் ஆடி மழைக்கு அங்கே மலை சரிந்து ரோடே போய்விட்டது, அதை டிவியிலேயே காட்டினார்கள். நடுவில் பிரகாஷ் ஓரிரு தடவை வந்தான், பேருக்கு நாலு நாள். வந்த மாதத்தில் முகூர்த்தம் இருக்காது. இப்போது இலக்கியாவுக்கு ஏழு நடக்கிறது. வெறும் காதோடு இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். "நீ பையனாடி?" என்று கூடப் படிப்பவர்கள் கேட்டார்களாம், அழுதுகொண்டு வந்தாள். "மாமன் முறைக்கு நான் இல்லையாக்கா? என் மடியில வெச்சுக் குத்திரலாம்" என்று அறிவழகன் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டான். நான் விடவில்லை. கூடப் பிறந்தவன் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது பெரியப்பா மகன் மடி எதற்கு?

தையில் ஒரு முகூர்த்தம் பார்த்து, செட்டிகுளம் மலைக்கோயிலில் என்று முடிவு செய்தேன். "தோடு நானே வாங்கிட்டேன். சேலை, சீரு எதுவும் வாணாம். நீ மடிய மட்டும் கொண்டா" என்று பிரகாஷிடம் சொன்னேன். "வந்துருவேங்க்கா" என்றான். அவன் வரும் வழி எனக்கு மனப்பாடம். சுரங்கம் வழியாக மணாலி, அங்கிருந்து பஸ்ஸில் டெல்லி, டெல்லியிலிருந்து ரயிலில் அரியலூர், அரியலூரிலிருந்து மறுபடி பஸ்ஸில் பெரம்பலூர்.

அவன் கிளம்ப வேண்டிய நாளன்று மதியம் போன் வந்தது. மலர்க்கொடி என்று ஒரு டீச்சர், தைத்த ஜாக்கெட்டை வாங்க வந்து எதிரே உட்கார்ந்திருந்தார்.

"அக்கா" என்றான். குரலைக் கேட்டதுமே எனக்குக் கை நின்றுவிட்டது. "அக்கா, ரோதாங் மூடிட்டாங்கக்கா. பனி பயங்கரமா கொட்டுது. இந்தத் தடவையும்..."

மேப்பைப் பார்த்தேன். அன்று காலையில்தான் சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் டூரிஸ்ட்டுகள் பனியை உருட்டி ஒருத்தர்மேல் ஒருத்தர் எறிந்து விளையாடுவதைச் செல்லில் பார்த்திருந்தேன். அவனுக்கு அனுப்பலாம் என்றுகூட நினைத்தேன்.

"ரோதாங் மேலதானடா மூடியிருக்கு?" என்றேன். "நீ அடியில சுரங்கத்துல தானே வரணும்?"

பாவம், முன்னாளில் உண்மையாக இருந்த ஒன்றை அப்படியே எடுத்துச் சொல்லிவிட்டான். தையல்காரிக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று நினைத்திருப்பான்.

"சுரங்கத்துக்குக் கேசரி கிண்டி ஊருக்கே குடுத்தவடா நான். எங்கிட்டயா?"

அப்போதுதான் அவன் பக்கத்தில் ஒரு சின்னப் பையன் குரல் கேட்டது. இந்தியில் எதையோ கேட்டு நச்சரித்தது. பிரகாஷ் போனைத் தள்ளிப் பிடித்து இந்தியிலேயே அதட்டினான். ஊரான் பிள்ளையை யாரும் அப்படி அதட்ட மாட்டார்கள். அதட்டலுக்குள்ளேயே ஒரு கொஞ்சல் இருந்தது.

"யாருடா அது?"

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "எம் பையங்க்கா" என்றான்.

மலர்க்கொடி டீச்சர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஜாக்கெட்டை எடுத்துக்கொள்ளாமலே எழுந்து வெளியே போய் நின்றார். நல்ல மனுஷி.

எல்லாம் கொட்டினான். கேலாங் என்ற ஊரில் அவனுக்குச் சாப்பாடு போட்ட வீட்டுப் பெண்ணாம். கல்யாணம் முடிந்து அஞ்சு வருஷமாம். பையனுக்கு நாலு வயது. "நீ உடையார்பாளையம் பக்கம் பொண்ணு பாத்துட்டே இருந்தியா, எப்படிக்கா சொல்றது? என்னை வுட்டா உனக்கு யாருன்னு வேற கேப்ப. இப்ப அவளுக்கு ஒம்போது மாசம்க்கா, வுட்டுட்டு வர முடியல. அதச் சொன்னா எல்லாத்தையும் சொல்லணும்" என்று அழுதான். அழும்போது சின்ன வயதில் அழுத மாதிரியே மூக்கை உறிஞ்சினான்.

"பையன் பேரு என்ன?"

"குருமூர்த்திக்கா."

எங்கள் அப்பா பெயர். முறைப்படி, மகன்வழிப் பேரனுக்குத் தாத்தா பெயரை வைத்திருக்கிறான். பெயர் சூட்டும்போது காதில் சொல்ல வேண்டியவள் அத்தை. நான் அத்தையாகி நாலு வருஷம் ஆகியிருக்கிறது, எனக்கே தெரியாது. குழந்தை காதில் யாரோ முன்பின் தெரியாத பெண் எங்கள் அப்பா பெயரைச் சொல்லியிருக்கிறாள்.

"அவனுக்குக் காது குத்தியாச்சா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. வாய் தானாகக் கேட்டது.

"இங்கெல்லாம் நம்ம முறை கிடையாதுக்கா. ஆனா நான் செஞ்சேன். அவளுக்கு அண்ணனுங்க மூணு பேரு. மூத்தவரு மடியில வெச்சு..."

போனை வைத்துவிட்டேன்.

அத்தனை வருஷமும் ஒன்றை மட்டும் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். பனிக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகையில் அவன் ஒற்றையாகக் கிடக்கிறான், பெற்றவர்கள் இல்லாத பிள்ளை, அவனுக்கு நான் ஒருத்திதான் துணை என்று. நல்ல சாப்பாடு சமைக்கிற அன்றெல்லாம் அவனை நினைத்து எனக்குத் தொண்டையில் இறங்காது. அவன் அங்கே பெண்டாட்டி, பிள்ளை, மூன்று மச்சான்கள், மாமியார் வீடு என்று அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். ஒற்றையாகக் கிடந்தது நான். அதைக்கூட மேப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கோபம் வந்தது. கோபம் அடங்கியதும் அழுகை வந்தது. வாழட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அங்கே போய் வாழ்ந்ததைவிட, என்னிடம் சொல்லப் பயந்தானே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

முகூர்த்தத்தன்று காலையில் செட்டிகுளம் பஸ்ஸில் நானும் இலக்கியாவும் மட்டும் போனோம். அறிவழகன் பைக்கில் வந்து அடிவாரத்தில் காத்திருந்தான். புது வேட்டி, புதுச் சட்டை, தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், ஒரு பட்டுப்பாவாடை. பிரகாஷ் வரமாட்டான் என்று நான் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்திருந்தது. படியேறிச் சாமி கும்பிட்டோம். மண்டபத்தில் ஆசாரி பாய் விரித்து, ஊசியையும் தோட்டையும் எடுத்து வைத்தார்.

"தாய்மாமன் வந்து உக்காருங்க" என்றார்.

அறிவழகன் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு குனிந்தான். தங்கமான பிள்ளை அவன், அம்மாவுக்குக் கொள்ளி வைத்தவன். ஆனால் பிறத்தியார் மடிக்குக் காத்திருந்து காத்திருந்து என் மகள் ஏழு வயதுவரை வெறுங்காதோடு நின்றாள். அவன் தோளைத் தொட்டு நிறுத்தினேன்.

"நீ தட்டப் புடிச்சுக்க தம்பி" என்று சொல்லிவிட்டு நானே பாயில் உட்கார்ந்தேன்.

ஆசாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முறை இல்லியேம்மா."

"மாமன் வூடு ரொம்பத் தூரம்ங்க. மடி இங்க இருக்கு. குத்துங்க."

சுற்றி நின்ற நாலு பேர் முணுமுணுத்தார்கள். அறிவழகன் தட்டோடு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான். இலக்கியாவை இழுத்து மடியில் உட்கார வைத்தேன். வளர்ந்த பெண், கால் பாய்க்கு வெளியே நீண்டது. ஊசியைப் பார்த்ததும் உடம்பை முறுக்கிக்கொண்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"மாமா மடியில உக்காந்தா வலிக்காதுன்னு சொன்னியேம்மா. உன் மடியில வலிக்குமா?"

"வலிக்கும்டி" என்றேன். "அது நான் சும்மா சொன்னது. யாரு மடியில உக்காந்தாலும் வலிக்கும்."

அவள் அழவில்லை. என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வலது காதை ஆசாரி பக்கம் திருப்பிக் காட்டினாள்.